குடும்பக் குழுவில் ஒரு களையெடுப்பு

[காலை 7:10] செல்வி: அனைவருக்கும் காலை வணக்கம். ஊமச்சிகுளம் வீட்டின் பின்புறத்தில் கத்தரியும் வெண்டையும் வைக்கலாம் என்று பாத்தி கட்டினோம். பாத்தி முழுவதும் கோரை மண்டிக் கிடக்கிறது. பிடுங்கினால் எளிதாகத்தான் வருகிறது, ஆனால் வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் முளைத்து நிற்கிறது. ஆள் விட்டுக் கொத்திப் போட்ட பிறகு முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா, இதை ஒழிக்க வழி உண்டா?

[காலை 7:24] வாடிப்பட்டி அத்தை: படத்தைப் பார்த்ததுமே தெரிகிறது, செல்வி. இது கிழங்குக் கோரை. மனையை விற்றவர் தண்ணீர் வசதியைப் பற்றிச் சொல்லியிருப்பார், இதைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டார்.

[காலை 7:52] பெரியப்பா: செல்வி, உன் கையோடு வருவது தழை மட்டும்தான். ஓரிடத்தில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கிவிட்டு, ஒரே ஒரு செடியை மட்டும் சுற்றிலும் தோண்டி எடுத்து மண்ணை உதறிப் பார். தண்டின் அடியில் ஒரு முடிச்சும், அதிலிருந்து கறுத்த கம்பி போன்ற நாரும், அந்த நாரின் முனையில் கொண்டைக்கடலை அளவில் பழுப்புக் கிழங்கும் இருக்கும்; அங்கிருந்து இன்னொரு நார் கிளம்பி அடுத்த கிழங்குக்குப் போகும். கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெளுத்திருக்கும், நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தது போல மணக்கும். சங்கிலியின் மேல்முனையில் உள்ள கிழங்கு முளைத்து நிற்கும்வரை கீழே உள்ளவை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். மம்பட்டி பட்டுச் சங்கிலி அறுந்தவுடன் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் போய்விடும். நீ கூலி கொடுத்துச் செய்வித்தது களையெடுப்பு அன்று, கோரை நடவு. உலகத்திலேயே மிக மோசமான களை எது என்று வேளாண் அறிஞர்கள் 1977-இல் வரிசைப்படுத்தியபோது இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள்.

[காலை 8:05] கார்த்தி: பெரிய மாமா, தர்ப்பூசணிக்குப் போடுகிற நிலப்போர்வையைப் பாத்தியின் மேல் விரித்துவிட்டால் வெளிச்சம் இல்லாமல் செத்துவிடாதா?

[காலை 8:20] பெரியப்பா: மற்றக் களைகளுக்கு அது போதும், கார்த்தி. கோரையின் குருத்து கூர்மையானது. பிளாஸ்டிக் விரிப்பைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். செல்விக்கு இருப்பது சிறிய இடம் என்பதால் வேறு வழி சொல்கிறேன். இது வைகாசி வெயில். பாத்திக்குத் தண்ணீர் காட்டாமல், மண்ணை ஓர் அடி ஆழம் புரட்டி மேலே போட்டு வையுங்கள். பெரும்பாலான கிழங்குகள் மேல் அரை அடிக்குள்தான் இருக்கும். வெளியே கிடந்து வெயிலில் சுருங்கக் காய்ந்த கிழங்கு மீண்டும் முளைக்காது. பிறகு மண்ணைச் சல்லடையில் சலித்து, மிஞ்சியதைப் பொறுக்கிக் காயவைத்து எரித்துவிட்டு, முதல் பருவத்தில் கத்தரியை வைக்காமல் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்துவிடுங்கள். கோரை வெயில் ஏற ஏற வளரும். நிழலை மட்டும் தாங்காது. ஒரே பருவத்தில் முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதே.

[காலை 8:31] செல்வி: உரக்கடையில் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் வேரோடு போய்விடும் என்று சொல்கிறார்களே, பெரியப்பா?

[காலை 8:40] பெரியப்பா: அது இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022-இலேயே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பேரன் மண்ணில் விளையாடுகிற கொல்லைப்புறத்தில் அது எதற்கு?

[காலை 9:15] பேரையூர் சித்தப்பா: கோரையாவது பரவாயில்லை, அண்ணே, எங்கள் கரிசலில் அருகு ஏறிவிட்டால் ஏர் முனையே திணறுகிறது. கல்யாண வீட்டில் நீங்கள் அட்சதை போட்டுக்கொண்டே "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்தும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். பிள்ளையாருக்குச் சாத்துகிற அளவோடு அது நின்றுகொண்டால் நல்லது.

[காலை 9:42] வாடிப்பட்டி அத்தை: நீங்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரிகிற களையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நெல்லுக்குள் குதிரைவாலிப் புல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்றங்காலிலிருந்து நாற்றோடு நாற்றாகவே முடிச்சில் கட்டப்பட்டு, நம் கையாலேயே நடப்பட்டு, நாம் போடுகிற யூரியாவைத் தின்று வளர்ந்துவிட்டு, நெல் அறுவடைக்கு வரும் முன்பே தன் விதையை வயலில் உதிர்த்துவிடுகிறது. புதிதாகக் களையெடுக்க வருகிற பெண்கள் நெல்லைப் பிடுங்கிவிட்டு இதை விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் மாமியார் எனக்குக் காட்டிக்கொடுத்த அடையாளம் இதுதான்: இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், நெல்லில் வெள்ளையாக ஒரு மெல்லிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் இருபுறமும் மயிரோடு கூடிய சிறு காதுகள் இருக்கும், குதிரைவாலியில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, வழவழவென்று இருக்கும். பழகிய கைக்கு அதைப் பார்க்கக்கூட வேண்டாம், தடவினாலே போதும்.

[காலை 9:58] பெரியப்பா: அருமையாகச் சொன்னாய், தங்கச்சி. நான் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது இதே அடையாளத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் காட்டினார்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள். வயலில் தண்ணீர் நின்றால் அந்த விதை முளைக்கத் தயங்கும். கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாள்களில் வயல் காய்ந்து வெடிப்பு விடுகிறதே, அப்போதுதான் அது தலையெடுக்கிறது. வரப்பில் நண்டு வளையை அடைப்பதும், மேடு பள்ளம் இல்லாமல் பரம்படித்து மட்டப்படுத்துவதும்கூடக் களை வேலைதான்.

[காலை 10:20] கார்த்தி: அம்மா சொல்வது சரி. ஆனால் தடவிப் பார்த்துக் களையெடுக்க இன்றைக்கு யார் வருகிறார்கள்? காலை எட்டு மணிக்கு வந்து மதியத்தோடு கரையேறுகிற ஆள்களுக்குச் சொல்கிற கூலியைக் கொடுத்தாலும், நமக்கு வேண்டிய வாரத்தில் கிடைப்பதில்லை. "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். பிடுங்குவதற்குக் கை இல்லாதபோது என்ன செய்வது? நட்ட ஐந்து நாள்களுக்குள் வயலில் மெல்லிய தண்ணீர் நிறுத்தி, பிரிட்டிலாகுளோர் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவிவிட்டால் முதல் தலைமுறைக் களை முளையிலேயே போய்விடுகிறது. என் வயலில் அதைத்தான் செய்கிறேன்.

[காலை 10:34] வாடிப்பட்டி அத்தை: தூவிய பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள்.

[காலை 10:50] பெரியப்பா: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இருவரும் நாள் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நெல்லுக்கு முதல் முப்பது, நாற்பது நாள்கள்தான் உயிர்நாடி. அதற்குள் களை அடங்கிவிட்டால் பயிர் பக்கம் கட்டி நிழல் விழுந்து, பின்னால் வருகிற களை தானாகவே நோஞ்சானாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை பேரை இறக்கினாலும், களை தின்ற உரத்தைப் பயிருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆள் கிடைக்காதவர்கள் கயிறு பிடித்துச் சதுரமாக நட்டு, பத்தாம் நாளிலிருந்து கோனோ வீடர் என்ற தள்ளு களைக்கருவியை இரண்டு பக்கமும் ஓட்டலாம். களை சேற்றுக்குள் அமுங்கி எருவாகிவிடும். தூரோடு ஒட்டி நிற்பதை மட்டும் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தங்கச்சியின் விரல் தேவை.

[காலை 11:15] பேரையூர் சித்தப்பா: மருந்து என்று வந்துவிட்டதால் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் புஞ்சைக்காரர் மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைக்காகக் காற்றடிக்கிற நேரத்தில் 2,4-டி களைக்கொல்லி தெளித்தார். அது என் பருத்திக்குப் பறந்து வந்துவிட்டது. கை விரித்தாற்போல் இருக்க வேண்டிய பருத்தி இலை சுருங்கி, நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாரைப்போல் நீண்டுவிட்டது. சப்பை, அதாவது பூ மொட்டு, உதிர்ந்து போனது. கேட்டால், "நான் என் காட்டில்தான் அடித்தேன்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான், காற்றுக்குத்தான் எல்லைக்கல் தெரியவில்லை.

[காலை 11:28] பெரியப்பா: தம்பி, அந்த மருந்துக்கு மிகவும் அஞ்சுகிற பயிர்களில் பருத்தியும் ஒன்று. அதை ஊற்றிய தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தால்கூட இதே சேதம் வரும். உன் வீட்டில் களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாகவே வைத்துக்கொள்.

[காலை 11:50] பேரையூர் சித்தப்பா: அப்படியே செய்கிறேன். ஆனால் அண்ணே, என்னை உண்மையில் தூங்கவிடாத களை இது எதுவும் இல்லை, சுடுமல்லிதான். போன பருவத்தில் மேற்குக் காட்டுச் சோளம், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வெயிலில் வாடியதுபோல் நின்றது. மழை போதவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தூரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு, சிறு வெள்ளைப் பூவோடு, பார்ப்பதற்குச் சாதுவாக நாலைந்து செடிகள் எழும்பின. மாலை கட்டலாம்போல் அழகாக இருந்தது. சோளக் கதிரோ கட்டைவிரல் பருமனுக்குமேல் வரவில்லை.

[மதியம் 12:30] பெரியப்பா: நல்ல வேளை, அடையாளம் கண்டுகொண்டாய். மற்றக் களைகள் பயிரோடு போட்டி போடும். இது பயிரின் வேருக்குள்ளேயே உறிஞ்சுகுழலைச் செலுத்திச் சத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். தரைக்குமேல் தலைகாட்டுவதற்குப் பல நாள்களுக்கு முன்பே அடியில் வேலையை முடித்துவிடுவதால், பூவைப் பார்த்த பிறகு பிடுங்கினால் அந்த ஆண்டுச் சோளத்துக்குப் பயன் இல்லை. ஆனாலும் பிடுங்கத்தான் வேண்டும். ஒரு செடி பல்லாயிரக்கணக்கில் விதை போடும், விதை தூசியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. தனக்கு ஏற்ற வேர் அருகில் கசியவிடும் ஒரு பொருளை உணர்ந்தால்தான் அந்த விதை முளைக்கும். முளைத்த சில நாள்களுக்குள் வேரைப் பற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பருத்தி வேரும் அதே வகைப் பொருளைக் கசியவிடுகிறது, ஆனால் பருத்தியை இந்தக் களையால் ஒன்றும் செய்ய முடியாது. 1966-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ஸ்ட்ரைகால் என்ற பொருளே பருத்தி வேரிலிருந்து கிடைத்ததுதான். எனவே மேற்குக் காட்டில் வரும் புரட்டாசிக்குச் சோளத்தை நிறுத்திவிட்டுப் பருத்தி போடு. பருத்தி அழைக்கும், சுடுமல்லி ஏமாந்து முளைத்து வீணாகும். தட்டைப்பயறும் நிலக்கடலையும் இதே வேலையைச் செய்யும். ஒரே ஆண்டில் மண் சுத்தமாகிவிடாது. சோளத்துக்குத் திரும்ப அவசரப்படாதே.

[மதியம் 12:44] பேரையூர் சித்தப்பா: மாட்டுக்குச் சோளத் தட்டை வேண்டுமே, அண்ணே.

[மதியம் 12:47] பெரியப்பா: தட்டையைக் கிழக்குக் காட்டில் விளைவித்துக்கொள். மேற்கிலிருந்து ஏர், கொழு, டிராக்டர் சக்கரம் எது போனாலும் மண்ணைச் சுரண்டிவிட்டுப் போகச் சொல். சுடுமல்லி வந்த சோளத் தட்டையைக் கிழக்கே கொண்டுபோகாதே.

[மாலை 5:35] செல்வி: இன்னும் ஒரு கேள்வி. பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. குழந்தைக்கு அடிக்கடித் தும்மல். பிடுங்கப் போன வேலையாளுக்குக் கையெல்லாம் தடிப்பு.

[மாலை 5:58] பெரியப்பா: வெறும் கையால் யாரும் தொட வேண்டாம், குறிப்பாகப் பூத்த பிறகு. அதன் மகரந்தம் மூச்சுக் குழலுக்கும், இலை தோலுக்கும் ஆகாது. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். 1955-இல் புனேயில் கண்ணில் பட்டது, பிறகு நாடு முழுவதும் பரவியது. பயிர் இல்லாத மனை என்பதால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, பூக்கும் முன் இலை நனையத் தெளிக்கலாம். உங்கள் கத்தரிப் பாத்திப் பக்கம் அந்தக் கரைசல் வரக்கூடாது, மண் கெட்டுவிடும். இப்போது பூத்திருப்பதை ஈர மண்ணில் கையுறை போட்டு வேரோடு எடுத்து, விதை முற்றும் முன் குழியில் புதைத்துவிட்டு, மழை தொடங்கியதும் வேலியோரம் ஆவாரை விதையைத் தூவிவிடுங்கள். ஆவாரை மண்டிய இடத்தில் பார்த்தீனியம் அவ்வளவாகத் தலைதூக்காது. 1984-இல் மெக்சிகோ வண்டு ஒன்றையும் இதற்கென்றே நம் நாட்டில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையில் கோடு போட்ட சிறு வண்டுகளைப் பார்த்தால் பூச்சி என்று மருந்தடித்துவிடாதே.

[மாலை 6:10] செல்வி: நன்றி, பெரியப்பா. மனைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குகிறோம். கார்த்தி அத்தான், அந்தப் பழைய சல்லடை உங்கள் வீட்டில் இருந்தால் வேண்டும்.

[மாலை 6:14] கார்த்தி: இருக்கிறது, செல்வி. மணல் சலித்த சல்லடைதான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

[இரவு 8:25] பேரையூர் சித்தப்பா: அண்ணே, மேற்குக் காட்டில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவதற்கு ஆட்டுக்காரருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். கிடையால் களை வரும் என்று ஒரு முறை சொன்னீர்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

[இரவு 8:40] பெரியப்பா: மந்தை எங்கே மேய்ந்துவிட்டு வருகிறது என்பதைப் பொறுத்தது. சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருப்பதால் ஆடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சில நாள்கள் வயிற்றில் தங்கி, புழுக்கையோடு உன் காட்டில் விழும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு ஊர் ஊராக அந்த மரத்தை வெட்டியபோதும், மேலே வெட்டி வேரை விட்ட இடங்களில் எல்லாம் அது மறுபடி தழைத்துவிட்டது. நாற்றாக இருக்கும்போதே பிடுங்கினால் அரை நிமிட வேலை, வேர் இறங்கிவிட்டால் பொக்லைன் வேண்டும்.

[இரவு 8:52] வாடிப்பட்டி அத்தை: அதற்காகக் கிடையே வேண்டாம் என்று சொல்லிவிடாதே, தம்பி. அந்த எருவுக்கு ஈடு கடையில் கிடையாது.

[இரவு 9:20] பேரையூர் சித்தப்பா: ஆட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அக்கா. மந்தை இப்போது கண்மாய்க் கரையில்தான் மேய்கிறது; நாலு பக்கமும் சீமைக்கருவேல மரம். நாலைந்து நாள் அறுவடை முடிந்த தரிசில் மேய்த்துவிட்டுப் பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனியாக மேய்ச்சல் கூலி கேட்கிறார். பாதிக்குப் பேசி முடித்திருக்கிறேன்.