மைஎஸ்கியூஎல்லில் ஓடும் வினவல் போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் நிற்கிறது: எல்லா இடத்திலும் காஸ்ட் போடலாமா?

வெள்ளவத்தை_நிரலர்:
வணக்கம். கொழும்பிலுள்ள மருத்துவ நிலையம் ஒன்றுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த நோயாளர் பதிவு மென்பொருள் ஆறு வருடங்களாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடுகிறது. இப்போது மேலும் இருவர் அதைக் கேட்கிறார்கள். ஒருவரிடம் இருப்பது போஸ்ட்கிரெஸ், மற்றவரிடம் ஆரக்கிள். தேசிய அடையாள அட்டை இலக்கம் அட்டவணையின் வார்ச்சார் நிரலில், அதாவது எழுத்துச் சரமாக, இருக்கிறது. ஆனால் தேடும்போது, அடித்தது முழுவதும் இலக்கமாக இருந்தால், மேற்கோட்குறி இல்லாமல் வெறும் எண்ணாகவே வினவலில் சேர்த்துவிடுகிறோம். மைஎஸ்கியூஎல் இதுவரை முறையிட்டதில்லை. போஸ்ட்கிரெஸ், வார்ச்சாரையும் எண்ணையும் ஒப்பிடும் செயற்குறியே தன்னிடம் இல்லை என்கிறது. ஆரக்கிளில் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓஆர்ஏ-01722 (செல்லாத எண்) பிழையோடு நிற்கிறது. எல்லா இடத்திலும் காஸ்ட் (தரவின் வகையை மாற்றும் கட்டளை) போட்டுவிட்டால் தீருமா?

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
காஸ்ட்டை எடுக்கு முன், மைஎஸ்கியூஎல் இத்தனை நாளும் உங்களுக்கு என்ன செய்துகொடுத்தது என்று பாருங்கள். சரத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால், அது இரண்டையும் மிதவைப் புள்ளி எண்ணாக்கி ஒப்பிடும். 2016க்கு முந்திய அட்டைகளில் 9 இலக்கங்களின் பின் வி அல்லது எக்ஸ் உண்டு. எண்ணாக மாறும்போது அந்த எழுத்து உதிர்ந்துவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், அதை யார் படிக்கிறார்கள்? ஒரே எண்ணாக மாறக்கூடிய சரங்கள் பல இருப்பதால், நிரலுக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) போட்டிருந்தாலும் இந்தத் தேடலுக்கு அது பயன்படாது. மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்கும் கண்டிப்பு முறை இதில் கைகொடுக்காது. அது தரவைச் சேமிக்கும்போதுதான் தடுக்கும், தரவைத் தேடியெடுக்கும் செலக்ட்டின் ஒப்பீட்டை அல்ல.

ஆரக்கிளும் சரத்தைத்தான் எண்ணாக்கப் பார்க்கும், ஆனால் வி உள்ள நிரையைத் தொட்டவுடன் பிழை தரும். வேறொரு நிபந்தனை அந்த நிரைகளை முதலில் கழித்துவிட்ட நாளில் வினவல் ஓடும். இயக்கத் திட்டம் மாறி நிபந்தனைகளின் வரிசை புரண்ட நாளில் நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸும் ஒரு காலத்தில் இப்படித் தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது. 2008இல் வந்த 8.3 பதிப்பில்தான் எண்ணைச் சத்தமின்றிச் சரமாக்குவதை நிறுத்தியது.

நிரல் சரமென்றால் மதிப்பையும் சரமாகவே பைன்ட் செய்து (வினவலில் ஒட்டாமல் தனி மதிப்பாக) அனுப்புங்கள். ஜாவாவென்றால் செட்ஸ்ட்ரிங். இந்த வினவலுக்குக் காஸ்ட் தேவைப்படவே மாட்டாது.

தெஹிவளை_கண்:
காஸ்ட்டே ஊருக்கு ஊர் வேறு. மைஎஸ்கியூஎல்லின் காஸ்ட் வார்ச்சாரை ஏற்காது, சார் என்றே எழுத வேண்டும். நீளம் குறித்த அதே சார், போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் மீதி இடத்தை வெற்றிடத்தால் நிரப்பிவிடும். எண்ணுக்கு டெசிமல் என்றால் மூன்றும் ஏற்கும். கட்டண அறிக்கைகளையும் ஒருமுறை பாருங்கள்: 7ஐ 2ஆல் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் 3 என்கிறது, மற்ற இரண்டும் 3.5 என்கின்றன. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும் நல்லும் (மதிப்பே இல்லாத நிலை) ஒன்றே என்பதால், தொலைபேசி இலக்கம் இல்லாதவர்களை வெற்றுச் சரத்தோடு ஒப்பிட்டுத் தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

வெள்ளவத்தை_நிரலர்:
மிக்க நன்றி. எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி ஓட்டினேன். பழைய அட்டைகள் வரிசையாக வந்து விழுந்தன. வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கேட்டால், "வி அடிக்காட்டியும் ஆள் வரும்தானே" என்கிறார். சரமாக அனுப்பினால் அந்த வசதி போய்விடுமே?

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
அந்த வசதியை உங்கள் மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். 9 இலக்கம் மட்டும் வந்தால், வி சேர்த்து ஒன்றும் எக்ஸ் சேர்த்து ஒன்றுமாக இரண்டு சரங்களை இன் (பட்டியலில் ஏதாவது ஒன்று) நிபந்தனையில் அனுப்புங்கள். மூன்றிலும் இன்டெக்ஸ் பயன்படும். லைக் (சரத்தின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது) வேண்டாம், ஏனெனில் சி கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) இல்லாத போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சாதாரண இன்டெக்ஸ் அதற்கு உதவாது. இன்னொன்று: சின்ன வி, பெரிய வி வேறுபாட்டை மைஎஸ்கியூஎல் இயல்பில் பார்ப்பதில்லை, மற்ற இரண்டும் பார்க்கும். ஆகவே தரவை நகர்த்தும்போதே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள்.