கோத்தகிரியில் 10 நாள் தங்கி வேலையும் படிப்பும்: வீடு எடுக்கும் முன் என்னென்ன கேட்கணும்?

தேயிலைத்தூள் எழுதியது:

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து 10 நாள் கோத்தகிரியில் ஒரு வீடு எடுத்துத் தங்கலாம்னு இருக்கோம். மொத்தம் ஐந்து பேர். ஒருத்தனுக்கு ஆபீஸ் காலை 10 முதல் 7 வரை. இன்னொருத்தனுக்கு யூஎஸ் ஷிஃப்ட், மாலை 6:30 முதல் இரவு 2:30 வரை. ஒரு தோழி ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் பட்டம் படிக்கிறாள், வாரா வாரம் அசைன்மெண்ட் இருக்கும், இடையில் ஓபிபிஇ என்ற ஆன்லைன் புரோகிராமிங் தேர்வும் வருது. மீதி இரண்டு பேருக்கு லீவு. எல்லா ஹோம்ஸ்டேக்காரரும் "வைஃபை இருக்கு" என்றுதான் சொல்றாங்க. அதை எப்படிச் சரிபார்ப்பது? கரண்ட் போனால் என்ன செய்வது? ஐந்து பேரும் சேர்ந்து சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்குமா?

குஞ்சப்பனை_வாசி எழுதியது:

தம்பி, முதல்ல மாசத்தை மாத்துங்க. கோத்தகிரி மலையோட கிழக்குப் பக்கம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்த்துட்டு இங்க சாரலாத்தான் வந்து சேரும். இங்க பெருமழை வடகிழக்கில்தான். அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் முன்பாதி வரைக்கும் நம்ப முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் அத்தனை உயிரைக் கொண்டுபோன மண்சரிவும் இந்த மழையில்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிஞ்சா குன்னூர் வழியாப் போகலாம்னு நினைப்பீங்க. ஒரே ராத்திரியில் இரண்டு ரோடும் அடைபடும். ரோட்டோரக் கம்பமும் சாயும், கம்பத்தோட ஃபைபரும் போகும். வேலை கையில் இருக்கிறவங்களுக்கு நவம்பர் வேண்டாம்.

ஜனவரி 26 விடுமுறைக் கூட்டம் கலைஞ்ச பிறகு வாங்க. பிப்ரவரி முழுக்க வானம் தெளிவா இருக்கும். ராத்திரி 10 டிகிரிக்குக் கிட்டப் போகும், ஸ்வெட்டரும் காலுறையும் இருந்தா சமாளிக்கலாம்.

காரில் வந்தா நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (ஆன்லைனில் பதியும் அனுமதி) கட்டாயம். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கு. வண்டி எண், ஆள் எண்ணிக்கை, தங்கும் நாள், தங்குமிடம் எல்லாம் கேட்கும், வீட்டு முகவரியைக் கையில் வெச்சுக்கிட்டுப் பதியுங்க. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டின்னு உச்சவரம்பும் போட்டாங்க. அதனால கோடை சீசன் பக்கம் போகாதீங்க. அரசு பஸ்ஸில் வந்தா பாஸ் தேவையில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்துடும், அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனா வந்து இறங்குற நாள் சனிக்கிழமையா இருக்கட்டும். திங்கள் காலை வந்து 10 மணிக்கு லாகின் பண்ணணும்னு திட்டம் போட்டா, நெட் வேலை செய்யலைன்னு தெரியுறப்ப ஆபீஸ் தொடங்கியிருக்கும்.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், கேரி பேக் எதுவும் எடுத்து வராதீங்க. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பாங்க. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும்.

ஒளியிழை எழுதியது:

"வைஃபை இருக்கா" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ஃபைபரா (வீடு வரை வரும் ஒளியிழைக் கேபிள்), ஏர்ஃபைபரா (கேபிள் இல்லாமல் டவரிலிருந்து வருவது), அல்லது மொபைல் சிம் போட்ட டப்பாவா? ஃபைபர் என்றால் மட்டும் மேலே பேசுங்கள். மற்ற இரண்டும் மழை, விடுமுறைக் கூட்டம் என்று நாளுக்கொரு வேகம் காட்டும்.

அடுத்து, ஸ்பீடு டெஸ்ட் படம் கேளுங்கள். ஒன்று பகல் 11 மணிக்கு, ஒன்று இரவு 8:30க்கு. இரவு நேரத்தில் ஊரே வீடியோ பார்க்கும், அப்போது தாக்குப்பிடித்தால்தான் யூஎஸ் ஷிஃப்ட் ஓடும். ரூட்டர் பக்கத்தில் நின்று எடுத்த படம் உதவாது, நீங்கள் உட்காரப்போகும் அறையில் எடுக்கச் சொல்லுங்கள். மலையில் பழைய வீடுகளின் சுவர் கருங்கல், இரண்டு சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் கரைந்துவிடும். ரூட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் செருக 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விலை குறைவு, இந்தப் பிரச்சினையே வராது.

படத்தில் டவுன்லோடைப் பார்க்காமல் அப்லோடைப் பாருங்கள். ஜூமில் குழு அழைப்பில் உங்கள் வீடியோ 720பி தரத்தில் போக ஏறத்தாழ 2.6 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் 8, கையிருப்போடு 15 இருந்தால் நிம்மதி. பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லிசெகண்டுக்குள் நிலையாக இருக்க வேண்டும். 30, 200, 45, 310 என்று குதித்தால் வேகம் எவ்வளவு காட்டினாலும் குரல் உடைந்து உடைந்துதான் வரும். ஐந்து போன்களிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்திவிடுங்கள். மலைக்குப் போன முதல் நாளே 400 படம் எடுப்பார்கள், அது முழுக்க அப்லோடில் ஏறி மீட்டிங்கை விழுங்கும்.

நெட் போனால் ரூட்டரைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, பெரும்பாலும் வெளியே இழை அறுந்திருக்கும். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது, கம்பெனி ஆள் வந்து ஒட்ட வேண்டும், மலையில் அதற்கு ஒரு நாள் கூட ஆகலாம். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்திருந்து இணையம் மட்டும் இல்லை என்றால், அணைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

மாற்று வழி மொபைல். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றில் குறைந்தது இரண்டு உங்கள் ஐவரிடம் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். அது மைனஸ் எண், பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது: -85, -95 என்றால் மீட்டிங் ஓடும், -110ஐ விடக் கீழே -115, -120 என்று போனால் ஓடாது. வீட்டுக்காரரை ஜன்னலோரம் நின்று இதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இன்னொன்று கவனியுங்கள்: அன்லிமிடெட் டேட்டா என்பது 5ஜி கிடைக்கும் இடத்தில் மட்டும்தான். மலையில் போன் 4ஜிக்கு இறங்கிவிட்டால் தினசரி 1.5 அல்லது 2 ஜிபி கணக்கு ஓடத் தொடங்கும். வீடியோ மீட்டிங் மணிக்கு 1 ஜிபி தின்னும், மதியத்துக்குள் 64 கேபிபிஎஸ் வேகத்தில் நிற்பீர்கள். கூடுதல் டேட்டா வவுச்சரை மலை ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட யூஎஸ்பி டெதரிங் (போனைக் கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து நெட் எடுப்பது) மேல், போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் விஷயம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். அது பெரும்பாலும் விளக்குக்கு மட்டும் இணைத்திருக்கும், பிளக் பாயின்ட் வேலை செய்யாது. மெயினை அணைத்துவிட்டு எந்த சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-அவர், கைக்கு வருவது ஏறத்தாழ 1,100. மூன்று லேப்டாப் 150 வாட், விளக்கு 40, ரூட்டர் 12 என்றால் ஐந்து மணி நேரம் ஓடும். பேட்டரி பழசானால் பாதிதான். ரூட்டருக்குத் தனியாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் (கரண்ட் போனால் ரூட்டரை ஓட்டும் சின்ன பேட்டரி) வாங்குங்கள். ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரும் பின்னின் அளவும் பொருந்த வேண்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்றும் கேட்டுவிடுங்கள். அன்று காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. அந்த ஒரு நாளை லீவு போட்டுவிட்டு எல்லோரும் வெளியே கிளம்புங்கள்.

தேயிலைத்தூள் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. பிப்ரவரிக்கே மாத்திட்டோம். ஒரு வீட்டுக்காரர் படம் அனுப்பியிருக்கார்: ஃபைபர், இரவில் டவுன்லோடு 88, அப்லோடு 21, பிங் 34. ஹாலில் இருக்கும் இரண்டு சாக்கெட் இன்வெர்ட்டரில் வருதாம். இதை நம்பித் தேர்வு எழுதலாமா?

கணினிக்காரி எழுதியது:

வேலைக்கு இது போதும். தேர்வுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பிஎஸ் குவிஸ், எண்ட் டெர்ம் எல்லாம் எப்படியும் நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுதணும், அதனால முதல்ல ஹால் டிக்கெட்டில் எந்த ஊர்னு பார்த்து அந்த ஞாயிறுகளைத் தவிர்த்துப் பயண நாளைக் குறிங்க. ஓபிபிஇ மட்டும்தான் இருக்கிற இடத்திலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதுவது. அதற்குத் தனி அறை, பின்னால் யாரும் நடக்காத சுவர், அறுபடாத நெட் மூணும் வேணும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் தெரியாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே வம்பு. தோழி முந்தின நாள் மத்தியானமே கோவைக்கு இறங்கி, சொந்தக்காரர் வீட்டிலோ அறை எடுத்தோ எழுதிட்டு மறுநாள் ஏறட்டும். தேர்வுக்கு முன் வைக்கிற சிஸ்டம் சோதனையையும் அதே இடத்தில், அதே லேப்டாப்பில் முடிக்கணும். அசைன்மெண்டைக் கடைசி நாள் ராத்திரிக்கு வைக்காம, இரண்டு நாள் முன்னாடியே சமர்ப்பிச்சிடச் சொல்லுங்க. லெக்சர் வீடியோவுக்கும் கீழே இருக்கும்போதே ஏற்பாடு பண்ணிக்கட்டும்.

ஐடி நண்பர்களுக்கு ஒண்ணு. ஆபீஸ் விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) சில நேரம் மொபைல் நெட்டில் கனெக்ட் ஆகும், ஆனா பக்கம் திறக்காது. சின்ன மெயில் போகும், அட்டாச்மெண்ட் நிக்கும். பெரும்பாலும் எம்டியூ அளவுதான் (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தோட உச்ச அளவு) காரணம். 1500 இருக்கிறதை 1350 மாதிரி குறைச்சா ஓடும், ஆனா ஆபீஸ் லேப்டாப்பில் அதை மாத்த அட்மின் அனுமதி வேணும். ஊரிலிருந்து கிளம்பும் முன்னாடியே போன் நெட்டில் அரை நாள் வேலை பார்த்து, பிரச்சினை வந்தா ஐடி டீமிடம் டிக்கெட் போட்டுடுங்க.

குளிரில் வெளியே சுத்திட்டு வந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறையில் உடனே திறக்காதீங்க, உள்ளே நீர் கோர்க்கும். பையோட அரை மணி நேரம் இருக்கட்டும். ஹீட்டரையும் கீசரையும் சேர்த்துப் போட்டா 4 கிலோவாட், பழைய வயரிங்கில் டிரிப் ஆகி மீட்டிங் நடுவில் இருட்டாகும்.

குஞ்சப்பனை_வாசி எழுதியது:

சுத்துறதுக்கு நேரம் நிறையவே இருக்கு தம்பி. பகல் ஷிஃப்ட் ஆளுக்குக் காலை 7 முதல் 9:30, யூஎஸ் ஷிஃப்ட் ஆளுக்கு மத்தியானம் 12 முதல் 4. லாங்வுட் சோலை டவுனுக்குப் பக்கம்தான், 116 ஹெக்டேர், 2024 முதல் ராம்சார் தலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்). வனத்துறை அனுமதி வாங்கிட்டு உள்ளே போங்க, வார நாளில் ஆள் இருக்காது. கோடநாடு வியூ பாயின்டை ஐந்து பேரும் சேர்ந்து போற வார இறுதிக்கு வெச்சுக்கோங்க. காலையிலேயே போயிடணும், 11 மணிக்கு மேல மூடுபனி ஏறினா மாயாறு பள்ளத்தாக்கும் தெரியாது, ரங்கசாமி மலையும் தெரியாது.

தேயிலைத் தோட்டத்துக்குள் விடியறதுக்கு முன்னாடியும், மாலை 6க்கு மேலயும் நடக்காதீங்க. கரடியும் காட்டெருமையும் அந்த நேரத்தில்தான் அதிகமா புதரை விட்டு வெளியே வரும். யூஎஸ் ஷிஃப்ட் தம்பி நடுராத்திரி பிரேக்கில் போன் பேசிக்கிட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மிச்சச் சாப்பாட்டை வெளியே வைக்காதீங்க, கரடி வாசனைக்கு வரும்.

சமையல் நீங்களேன்னா குக்கர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. இந்த உயரத்தில் தண்ணி 94 டிகிரியிலேயே கொதிச்சிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. பருப்பை அரை மணி ஊற வெச்சு, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்க.