தேம்ஸ் கரையில் கிடைத்த தொப்பிச் சின்னம், எந்தக் கப்பல் கம்பெனி?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. போன ஞாயிறு லண்டன் ராதர்ஹித் பக்கம் தேம்ஸில் தண்ணீர் வற்றியிருந்த நேரம், (கரையில் தேடுவதற்குத் தேவையான துறைமுக ஆணைய அனுமதிச் சீட்டு இருக்கிறது, திட்ட வேண்டாம்!) சேற்றில் ஏதோ மின்னியது, பட்டன் என்று நினைத்து எடுத்துக் கழுவினால் கப்பல் அதிகாரி தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னம்.

பிரிட்டிஷ் கடற்படையுடையது இல்லை, அதில் அரச கிரீடம் இருக்கும். 1918-இல் வணிகக் கப்பல்களுக்குப் பொதுவாக வந்த சின்னமும் இல்லை. அதில் பாய்களும் கப்பல்களும் சேர்ந்த ஒரு கிரீடம், கீழே நங்கூரம், சுற்றிலும் ஓக் இலை. இதில் கிரீடமே கிடையாது, நடுவில் கம்பெனிக் கொடி மட்டும். எனாமல் பாதி உதிர்ந்துவிட்டது, நீலத்தில் வெள்ளை டைமண்ட், அதற்குள் சிவப்பில் ஒரே எழுத்து, சி-யா ஜி-யா தெரியவில்லை. பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் கொடி நான்கு முக்கோணம், பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனிக்கு வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி, ஆக இரண்டும் இல்லை.

பின்னால் இரண்டு வளையம், 'பர்மிங்' வரை படிக்க முடிகிறது, பர்மிங்காம் ஊராக இருக்கலாம்.

அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். மிச்ச எனாமலும் போய்விடுமோ என்று தொடவில்லை. அப்புறம், கொடியை அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படம் கீழே.