வீட்டை எழுதிக் கொடுத்தாத்தான் பென்ஷனா?

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
டிசம்பர் 2025

மாரி மாமா: பிள்ளைகளா, ஒரு விஷயம். அக்காவுக்கு முதியோர் பென்ஷன் வாங்கித் தாரேன்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. தாலுகா ஆபீஸ்ல ஆள் தெரியுமாம். வீடு அக்கா பேர்ல இருக்கதால கிடைக்காதாம். மொதல்ல மகன் குமார் பேருக்கு வீட்டை செட்டில்மென்ட் பத்திரமா எழுதணும், அப்புறம் நான் முடிச்சுத் தாரேன், மூவாயிரம் ஆகும்னு சொல்லுதாரு.

குமார் அண்ணன்: எனக்கும் போன் பண்ணாரு. வெள்ளிக்கிழமைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு. கம்பெனில லீவும் சொல்லிட்டேன்.

செல்வி அக்கா: அண்ணே, அந்த டோக்கனை மொதல்ல நிறுத்துங்க.

செல்வி அக்கா: மாமா, பெரியம்மா வீட்டு மனை எப்படி வந்தது? விலைக்கு வாங்குனதா, கவர்மென்ட் குடுத்ததா?

மாரி மாமா: அது இலவச மனைப் பட்டாம்மா. நம்ம தெருவுல எல்லாருக்கும் ஒண்ணா குடுத்தது. வீடும் கவர்மென்ட் கட்டிக் குடுத்த தொகுப்பு வீடுதான். முன்னால தகரம் இறக்குனது மட்டும் மச்சான் இருக்கையில செஞ்சது.

செல்வி அக்கா: அப்போ அந்த ஆள் சொன்னது சுத்தப் பொய். முதியோர் உதவித்தொகைக்கு சொத்து மதிப்பு 1 லட்சத்துக்குள்ள இருக்கணும்னு விதி இருக்கு, அது வாஸ்தவம். ஆனா அரசாங்கம் இலவசமா குடுத்த மனையும் வீடும் அந்தக் கணக்குல வராது. பெரியம்மாவுக்கு நிலம் கிடையாது, நகை கிடையாது, வேற வருமானம் கிடையாது. எழுதிக் குடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

பிரியா: அக்கா, பெரியம்மா பீடி சுத்துனாங்கல்ல, பி.எஃப். பென்ஷன் ஏதும் வருதா? அது இருந்தா விசாரணையில கேப்பாங்களே.

மாரி மாமா: அது எங்க வருது. பீடிக் கம்பெனி கார்டு அக்கா பேர்ல இல்ல. பக்கத்து வீட்டுக்காரி கார்டுல சுத்திக் குடுத்தது. வெட்டுனது, சுத்துனது, கட்டு கட்டுனது பூரா அக்கா. பி.எஃப். ஏறுனது அவ பேர்ல.

செல்வி அக்கா: இத நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் வருது மாமா. எத்தனை பொம்பளைங்க இப்படி. சின்னப் பிள்ளையில முறத்தை மடியில வெச்சவங்க, கண்ணு மங்குற வரைக்கும் கீழ வைக்கல. ஆனா உழைச்சதுக்கு ஒரு துண்டுக் காகிதம் சாட்சி கிடையாது. அவங்களுக்குன்னுதான் இந்தப் பென்ஷன் இருக்கு. 1962-ல மாசம் 20 ரூபாய்னு நம்ம மாநிலத்துல ஆரம்பிச்சது. யாரும் தயவு பண்ணிக் குடுக்கறது இல்ல. அதுக்குப் போயி வீட்டை அடமானம் மாதிரி வைக்கச் சொல்லுதாங்க பாருங்க.

கனகா மைனி: இப்போ எவ்வளவு குடுக்காங்க செல்வி? 1,000-தான?

செல்வி அக்கா: 2011-ல 500-லேர்ந்து 1,000 ஆச்சு. 2023 ஆகஸ்ட்லேர்ந்து 1,200. நடுவுல பன்னெண்டு வருஷம் ஒரு ரூபா ஏறல. அந்தப் பன்னெண்டு வருஷத்துல மருந்து விலை எப்படிப் போச்சுன்னு நமக்குத் தெரியும்.

குமார் அண்ணன்: அது சென்ட்ரல் கவர்மென்ட் பணம்தான? இங்க வாட்ஸ்அப்ல அப்படித்தான் வந்துச்சு.

செல்வி அக்கா: முழுசா இல்லண்ணே. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்துல மத்திய அரசு தர்றது 60-லேர்ந்து 79 வயசு வரைக்கும் மாசம் 200 ரூபாய், 80 ஆயிட்டா 500. மிச்சத்தை மாநிலம் போட்டுத்தான் 1,200 ஆகுது. அந்த 200 ரூபாய் எத்தனையோ வருஷமா அப்படியே நிக்குது. அதையும் யாராவது கேக்கணும்.

குமார் அண்ணன்: சரி. வீடு விஷயத்துக்கு வருவோம். என் பேர்ல எழுதுனா நான் அம்மாவைத் தெருவுல விட்டுருவேன்னு நினைக்கியா செல்வி?

செல்வி அக்கா: சத்தியமா இல்லண்ணே. நீங்க மாசா மாசம் முடிஞ்சதை அனுப்புறது எல்லாருக்கும் தெரியும். ஆனா செட்டில்மென்ட்ங்கிறது எழுதுன அன்னைக்கே கை மாறிரும். நாளைக்கு உங்களுக்கு ஒரு கடன், ஒரு நோவு வந்து வீட்டு மேல யாரும் கை வெச்சா, பெரியம்மாவுக்கு அந்த வீட்டுல என்ன பாத்தியதை இருக்கும்? உங்க குணத்தைப் பத்தி நான் பேசல. பத்திரத்தைப் பத்திப் பேசுதேன்.

கனகா மைனி: உள்ளதைச் சொல்லிருதேன். பத்திரம் உங்க அண்ணன் பேர்ல வந்தா பேங்க்ல லோன் போட்டு ரெண்டு தையல் மிஷின் வாங்கலாம்னு எங்களுக்கும் ஒரு எண்ணம் இருந்துச்சு. அத்தை கிட்ட இன்னும் சொல்லல.

மாரி மாமா: சொன்னதே நல்லது தாயி.

செல்வி அக்கா: மைனி, அதுல தப்பே இல்ல. மிஷினுக்கு வேற வழி பாப்போம். ஆனா அந்தக் கூரை மேல கடன் வேண்டாம். அதோட இலவசப் பட்டாவுல கை மாத்தக் கூடாதுன்னு நிபந்தனை போட்டிருப்பாங்க, பின்பக்கம் படிச்சுப் பாருங்க மாமா. வீடு அண்ணனுக்குத்தான் போய்ச் சேரணும்னா பெரியம்மா உயில் எழுதட்டும். அவங்க காலம் வரைக்கும் வீடு அவங்களுது. மனசு மாறினா மாத்தியும் எழுதலாம்.

பிரியா: இல்ல செட்டில்மென்ட்தான்னா, கடைசி வரைக்கும் பராமரிக்கணும்ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதணும். 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவு. பராமரிக்கலன்னா அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேக்கலாம். நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரில ஒரு பாட்டி இந்த ஒரு வரி பத்திரத்துல இல்லாமத்தான் ரொம்ப அலைஞ்சாங்க.

மாரி மாமா: அதுக்கு கோர்ட்டு கேஸுன்னு போகணுமா?

பிரியா: வேண்டாம் மாமா. கோட்டாட்சியர் தலைமையில தீர்ப்பாயம் இருக்கு. வக்கீல் வேண்டியது இல்ல, மனுவை நேராக் குடுக்கலாம். 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு. பிள்ளைங்க மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் குடுக்கணும்னு உத்தரவு போடலாம். நம்ம வீட்டுக்கு அது தேவைப்படாது. ஆனா தெரு ஆச்சிங்களுக்குச் சொல்லி வைங்க.

மாரி மாமா: இன்னொண்ணு சொல்லணும். அக்காவுக்கு ரேஷன் கடையில கைரேகை பதியவே மாட்டேங்குது. போன வாட்டி நான்தான் கூடப் போனேன். விரலை வைக்கும், பதியாது. முந்தானையில துடைச்சு வைக்கும், பதியாது. எண்ணெய்த் தலையில தேச்சு வைக்கும், அதுக்கும் இல்ல. இலையும் தூளும் தேச்ச விரல், ஆள்காட்டி விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. பின்னால நிக்கவங்க முணுமுணுக்க, அக்காவுக்கு அழுகை வந்துட்டு.

செல்வி அக்கா: ஐயோ. இதை ஏன் மாமா முன்னாலயே சொல்லல. பெரியம்மாவுக்கு 72 ஆச்சு, ரேஷன் கார்டுல அவங்க ஒருத்தர்தான். தாயுமானவர் திட்டத்துல ரேஷன் வீட்டுக்கே வரணும். இந்த ஆகஸ்ட்ல 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்னு ஆரம்பிச்சது. ரெண்டாவது சனி, ஞாயிறுல வண்டி வரும்னு சொன்னாங்க. கடையில பட்டியலைக் காட்டச் சொல்லுங்க, பேர் இல்லன்னா சேக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் உங்களை அவங்களுக்குப் பதிலா பொருள் வாங்குறவரா நியமிக்கிற படிவமும் கடையிலயே கேளுங்க. கண்ணைப் படம் பிடிக்கிற மிஷின் இருந்தா ரேகையே வேண்டாம்.

கனகா மைனி: அத்தைக்கு சுகர் மாத்திரை?

மாரி மாமா: அது மக்களைத் தேடி மருத்துவத்துல அந்தப் பிள்ளை வீட்டுக்கே வந்து குடுக்கு. பிரஷரும் பாக்கு. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

செல்வி அக்கா: சரி, இப்போ வேலையைப் பாப்போம். மாமா, தரகர் யாரும் வேண்டாம். நீங்களே பெரியம்மாவைக் கூட்டிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்க. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ, பெரியப்பா இறப்புச் சான்று எல்லாம் அசலும் நகலும். பட்டா நகல் கண்டிப்பா வேணும், அதுல இலவச மனைன்னு இருக்கறதுதான் நமக்குப் பலம். சேவைக் கட்டணம் கொஞ்சம்தான், ரசீது வாங்காம வெளிய வராதீங்க. ரசீதுல உள்ள விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க.

குமார் அண்ணன்: விசாரணைக்கு வந்தா மகன் இருக்கானேன்னு கேப்பாங்களே. என்ன சொல்ல?

செல்வி அக்கா: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கண்ணே. மகன் திருப்பூர்ல இருக்கார், தனிக் குடும்பம், தனிக் கார்டு, பனியன் கம்பெனிச் சம்பளம். முடிஞ்சதை அனுப்புறார். மறைக்க ஒண்ணும் இல்ல. மகன் இல்லைன்னு பொய் எழுதச் சொன்னா ஒத்துக்காதீங்க. பின்னால யாராவது புகார் குடுத்து வர்ற பென்ஷனும் நின்னு போகும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) ரெண்டு பேரும் பாத்த பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் உத்தரவு போடுவார். தள்ளுபடின்னா காரணத்தை எழுத்துல வாங்குங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல நானே மனுவோட வாரேன்.

பிரியா: 14567 நம்பரையும் மாமா போன்ல போட்டு வைங்க. முதியோருக்கான இலவச உதவி எண். திட்டம் பத்தி விவரமும் சொல்லுவாங்க, யாராவது பெரியவங்களைத் துன்புறுத்துனாலும் அதுலயே சொல்லலாம்.

கனகா மைனி: பென்ஷன் ஆர்டர் ஆனா பொங்கல் சேலையும் உண்டாமே?

செல்வி அக்கா: பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை உண்டு மைனி. ரேஷன்ல மாசம் 4 கிலோ அரிசியும் உண்டு. அதுக்கும் கேட்டு வாங்கணும், தானா வராது.

குமார் அண்ணன்: டோக்கனை கேன்சல் பண்ணிட்டேன். லீவை கேன்சல் பண்ணல. வியாழன் ராத்திரி பஸ் ஏறுதேன், வெள்ளிக்கிழமை காலையில நானே அம்மாவை இ-சேவைக்குக் கூட்டிட்டுப் போறேன். மாமா, பட்டாவை எடுத்து வைங்க.

மாரி மாமா: அக்கா கிட்ட கேட்டேன். இரும்புப் பெட்டியில மச்சான் வேட்டிக்கு அடியில இருக்காம். உயில் பேச்சையும் சொன்னேன். அதை மகன் வந்த பிறகு அவன் முன்னால வெச்சே பேசுதேன்னு சொல்லிட்டு.

செல்வி அக்கா: சரி மாமா. பட்டாவோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்புங்க. வெளிச்சத்துல வெச்சு எடுங்க, சர்வே நம்பர் தெளிவாத் தெரியணும்.