ஹிக்காக் பக்கிள்: எந்தக் காலத்துக் கம்பெனி?

பழம்பெட்டி:
பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பெல்ட் பக்கிளும் சட்டைக் கை முனையைப் பூட்டும் ஒரு ஜோடி கஃப்லிங்க்கும் வாங்கினேன். பின்பக்கம் ‘ஹிக்காக் யுஎஸ்ஏ’ என்று பொறித்திருக்கிறது. பக்கிள் முகப்பில் பெரிதாக ‘ஆர்’ என்று ஓர் எழுத்து, அது மாடல் பெயரா? தங்கம் ஏதாவது தேறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முலாம்கடை:
நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில், 1909-ல் எஸ். ரே ஹிக்காக் ஆரம்பித்த கம்பெனி. ‘ஆர்’ மாடல் இல்லை, முதலில் வாங்கியவரின் பெயரெழுத்து. அந்த மாதிரி எழுத்துப் பக்கிளுக்குப் பேர்போனவர்கள் அவர்கள். பெல்ட் பரவுவதற்கு முன்னால் ஆண்கள் பேன்ட்டைத் தோளில் மாட்டும் சஸ்பெண்டரில்தான் நிறுத்தினார்கள்; முதல் உலகப் போரில் பெல்ட் கட்டிப் பழகியவர்கள் ஊர் திரும்பிய பிறகு பெல்ட் வியாபாரம் சூடு பிடித்தது. தங்கத்துக்கு, பின்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘1/20 12கே’ என்றிருந்தால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தகடு, அதாவது அதிலும் பாதிதான் சொக்கத்தங்கம். முத்திரையே இல்லையென்றால் வெறும் முலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் பாலிஷ் மட்டும் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

மைதானம்:
ஹிக்காக் என்றதும் எனக்கு அந்தப் பரிசு பெல்ட்தான் ஞாபகம் வரும். கம்பெனியை ஆரம்பித்த அப்பா 1945-ல் இறந்ததும் 27 வயதில் பொறுப்புக்கு வந்த மகன் ரே ஹிக்காக் (அப்பா பெயரும் ரேதான்), தம்பி ஆலனோடு சேர்ந்து, அப்பா நினைவாக 1950 முதல் அந்தந்த வருடத்தின் சிறந்த தொழில்முறை விளையாட்டு வீரருக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். முதலைத் தோல் வார், கெட்டித் தங்கப் பக்கிள், 4 காரட் வைரம், கூடவே 26 சின்னக் கற்கள். அந்தக் காலத்திலேயே 10,000 டாலர்! முதல் பெல்ட் பேஸ்பால் வீரர் ஃபில் ரிசுடோவுக்கு, 1974-ல் முகமது அலிக்கு. இரண்டு முறை வாங்கியவர் பேஸ்பால் வீரர் சாண்டி கோஃபாக்ஸ் ஒருவர்தான், 1963, 1965. கேடயத்தை ஷெல்ஃபில் வைத்துவிட்டு மறந்துவிடலாம், இதை இடுப்பில் கட்டிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? தாங்கள் செய்யும் பொருளிலேயே ஆக உயர்ந்ததைச் செய்து பரிசாகக் கொடுத்தார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். இளம் கம்பெனித் தலைவர்களுக்கான ஒய்பிஓ அமைப்பை அதே 1950-ல் தொடங்கியவரும் இந்த மகன் ரேதான்.

பழம்பெட்டி:
அடேயப்பா, இவ்வளவு இருக்கிறதா! சரி, இப்படித் தங்கமாய்க் கொடுத்தே கம்பெனி படுத்துவிட்டதா?

முலாம்கடை:
இல்லை. 1971-ல் டெக்சாஸின் டாண்டி கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். தோல் வியாபாரத்தில் வளர்ந்து ரேடியோ ஷாக் என்ற மின்னணுச் சாமான் கடைகளை வாங்கிப்போட்ட அதே டாண்டி. வியாபாரம் தேய்ந்தது உடை வழக்கம் மாறியதால்தான்: சட்டைக் கையில் பித்தான் வைத்தே வர, அன்றாடத்துக்குக் கஃப்லிங்க் தேவைப்படவில்லை. டை கட்டுவது குறையக் குறைய டை கிளிப்பும் போனது. 1975-ல் டாண்டி மூன்றாகப் பிரிந்தது. 1976-க்கான பெல்ட் அமெரிக்கக் கால்பந்து வீரர் கென் ஸ்டேப்லருக்குப் போனது, அந்த வரிசையில் அதுதான் கடைசி. பின்னாளில் வேறு ஆட்கள் அதே பெயரில் பரிசை மறுபடி தொடங்கினார்கள்.