மருத்துவத்துக்குக் கஞ்சா: சட்டத்தைத் திறக்கலாமா, திறந்தால் எவ்வளவு? (புனைபெயரில் ஐவர் பேசும் விவாதம்)

நெய்தல்
2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 1961 உடன்படிக்கையின் நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுப்பதா வேண்டாமா என்பது கேள்வி. தீங்கு மிகுதி, மருத்துவப் பயன் மிகக் குறைவு என்று கருதப்பட்ட பொருள்களுக்கான பட்டியல் அது. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு, ஒரு நாடு ஒதுங்கியது. இந்தியா ஆதரித்தது. அங்கே கை தூக்கிய நாம், இங்கே நோயாளியின் கையில் மருந்து போய்ச் சேரும் பாதையை இன்னும் போடவில்லை.

சட்டமே தடை என்று பலர் நினைக்கிறார்கள். என்டிபிஎஸ் எனப்படும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மருத்துவத்துக்கும் அறிவியல் ஆய்வுக்கும் விதிகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. கஞ்சாச் செடி வளர்ப்பை அனுமதித்து முறைப்படுத்தும் அதிகாரத்தை 10ஆம் பிரிவு மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. வாசல் இருக்கிறது, படிக்கட்டுதான் இல்லை.

அரசுக்குக் கொடுக்க எழுதும் மனுவில் நான் அனுமதி கேட்பது மூன்று நோய்நிலைகளுக்கு மட்டும். மற்ற மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்பு (டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ போன்றவை), மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம், புற்றுநோய்க்கான கீமோவில் மற்ற மருந்துகளுக்கு நிற்காத வாந்தி.

கருவேலம்
நெய்தல், மூன்று நோய் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்த மூன்று முப்பதாகாமல் எது தடுக்கும்? தாய்லாந்தைப் பாருங்கள். 2019இல் மருத்துவத்துக்கு மட்டும் என்று திறந்தார்கள். 2022 ஜூன் 9 அன்று செடியையே போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கட்டுப்படுத்த வேண்டிய முழுச் சட்டம் அப்போது தயாராக இல்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பக் கட்டினார்கள். அதற்குள் தொழிலில் பணம் போட்டவர்கள், குத்தகை எடுத்தவர்கள், பயிரிட்டவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே எதிரே நின்றது. திறந்த கதவைச் சாத்துவதற்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் நாள்பட்ட வலியில் வந்து நிற்கும், ஏனென்றால் சந்தை அங்கேதான் பெரிது. அங்கே சான்று மெலிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019 வழிகாட்டலில் நாள்பட்ட வலிக்கு டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கொடுக்காதீர்கள் என்றது. சிபிடியை (அதே செடியில் உள்ள, போதை தராத பொருள்) ஆய்வுக்குள் மட்டும் கொடுக்கலாம் என்றது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2021இல், பொதுவான வலி நிவாரணத்துக்கு இதை ஆதரிக்க முடியாது என்று சொன்னது. மனநலப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டிஎச்சி உள்ள சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சிதைவு வகை நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

தராசு
இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்து வெவ்வேறு பொருளைப் பேசுகிறீர்கள். பூ ஒன்று, சாறு ஒன்று, தூய்மைப்படுத்திய மூலக்கூறு வேறொன்று. ஆய்வுக்கூட மேசையில் மூன்றும் மூன்று சரக்கு.

பூவை எடுங்கள். ஒரே செடியில் உச்சிப் பூவும் கீழ்க்கிளைப் பூவும் ஒரே வலுவில் இருக்காது. பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சிஏ என்ற அமில வடிவம், அதற்குப் போதை இல்லை. சூடு பட்டால்தான் கரியமில வாயுவை விட்டுவிட்டு டிஎச்சி ஆகிறது. அதனால் மொத்த டிஎச்சியைக் கணக்கிட, இருக்கிற டிஎச்சியோடு டிஎச்சிஏயை 0.877ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த 0.877 இரண்டு மூலக்கூறுகளின் எடை விகிதம். சரக்கை ஆவியாக்கிப் பிரித்தளக்கும் கேஸ் குரோமட்டோகிராபியில் ஏற்றினால் கருவியின் சூடே அமிலத்தை மாற்றிவிடும், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. சூடாக்காமல் திரவத்திலேயே பிரித்தளக்கும் எச்பிஎல்சியில் பார்த்தால்தான் தனித்தனி எண் வரும். அறிக்கையில் எந்த முறை என்றே எழுதாத சான்றிதழ் வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

இது மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்றவற்றை நன்றாக உறிஞ்சும் செடி. பூவைச் சரியாக உலர்த்தாவிட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். கீமோவில் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும் நோயாளி அந்தப் பூவைப் புகைத்தால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். யாருக்கு உதவும் என்று சொல்கிறோமோ அவருக்குத்தான் ஆபத்து அதிகம். நான் பூவுக்கு எதிர், தூய்மைப்படுத்தி அளந்து அடைத்த மருந்துப் புட்டிக்கு ஆதரவு.

மூலிகைவாசல்
புட்டி, மூலக்கூறு என்று மேற்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் ஐயா. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இந்த இலை நெடுங்காலமாக மருந்து. மருந்து மற்றும் அழகுப் பொருள் விதிகளின் ஈ1 அட்டவணையில், மருத்துவர் கண்காணிப்போடு கொடுக்க வேண்டிய நச்சுப் பொருள்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. என்டிபிஎஸ் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூ அல்லது காய் உள்ள நுனிகளை. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. சுத்தி (நச்சு நீக்கும் மரபு முறை) செய்த இலையை அளவோடு கொடுக்கும் மரபு இருக்கும்போது புதிதாக ஏன் படிக்கட்டு கட்ட வேண்டும்?

தராசு
மரபை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சுத்தி முறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழுவும்போது தண்ணீரில் கரைவது போகும். டிஎச்சி தண்ணீரில் கரையாது, இலையிலேயே நிற்கும். பிறகு பசுநெய்யில் வறுக்கிறார்கள். அந்தச் சூடு அமில வடிவத்தை டிஎச்சியாக மாற்றும், நெய் அதைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அடுப்பு எவ்வளவு எரிந்தது, எத்தனை நிமிடம் வறுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் வேறு வலுவில் இறங்கும். அதைத் தொகுதிவாரியாக அளந்து எழுதினால் நானே உங்கள் பக்கம் வந்து நிற்பேன்.

இப்போது இணையத்தில் விஜயா என்ற பெயரில் (ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) எண்ணெய்கள் வருகின்றன. ஆயுஷ் உரிமம், தொலைபேசியில் ஒரு ஆலோசனை, வீட்டுக்கு வரும் பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது? 2017இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதித்தது. லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில். 43 சதவீதத்தில் கூடுதல், 26 சதவீதத்தில் குறைவு. 18 பொருள்களில் டிஎச்சியும் இருந்தது. அங்கேயே அப்படி.

ஈ1 அட்டவணைச் சரக்குக்கு எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. தென்காசியில் பேரப்பிள்ளைக்கு மருந்து ஊற்றும் பாட்டிக்கு இரண்டுமே தெரியாமல் இருக்கலாம். தமிழிலும் அச்சிடச் செய்வதற்குப் புதுச் சட்டம் கூட வேண்டாம்.

வழக்குரை
இலை வெளியே என்பதை நம்பி யாரும் எண்ணெய் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். இலைக்கு விலக்கு என்றால் இலையிலிருந்து எடுத்த செறிவான சாறுக்கும் விலக்கு என்று பொருளாகாது. டிஎச்சி அதே சட்டத்தின் உளவெறியூட்டும் பொருள் அட்டவணையில் தனியாக இருக்கிறது. தனி இலையையும் மாநிலச் சட்டம் வேறு வழியில் கட்டுப்படுத்தலாம்.

எடைக் கணக்கு இன்னும் கடுமை. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலவையில் போதைப்பொருளின் தூய எடையை மட்டும் பார்க்கக் கூடாது, கலந்திருக்கும் நடுநிலைப் பொருளையும் சேர்த்து மொத்த எடையை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதாவது புட்டியில் முக்கால்வாசி எள்ளெண்ணெய் என்றாலும் தராசில் ஏறுவது முழு எண்ணெய். பூவில் சிறிய அளவு ஒரு கிலோ வரை, வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். சரஸ் என்ற பிசினில் 100 கிராம், ஒரு கிலோ. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. வணிக அளவுக்குப் போனால் குறைந்தது பத்தாண்டு, 37ஆம் பிரிவால் ஜாமீனும் அரிது. செறிந்த சாறு எந்த வகையில் சேரும் என்று வாதாடும் நாள்களில் நோயாளி உள்ளே இருப்பார். சிகிச்சைக்குத் தெளிவான விதி எழுதாமல் விடுவது நடுநிலை இல்லை. அது நோயாளிக்கு எதிரான முடிவு.

நெய்தல்
வழக்குரை சொன்னதுதான் என் கவலையும். தராசு கேட்ட புட்டி ஏற்கனவே இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் அனுமதித்த தூய சிபிடி கரைசல், எபிடியோலெக்ஸ். ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம்.

12 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போடுவோம். தொடக்கம் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. 30 மில்லிகிராம், அதாவது ஊசியில்லாத வாய்ச் சிரிஞ்சில் 0.3 மில்லி. ஒரு வாரம் கழித்து 0.6 மில்லி, இருமுறை. தேவைப்பட்டால் மெல்ல ஏற்றி, மேலே சொன்ன இரண்டு வலிப்புகளுக்கும் ஒரு வேளைக்கு 1.2 மில்லி வரை. இதே குழந்தைக்குச் சொட்டு மூடி போட்ட இணைய எண்ணெயைக் கொடுத்தால் என்ன ஆகும்? எண்ணெய் குளிரில் கெட்டியாகும், சொட்டின் அளவு மாறும். எண்ணியது ஆறு சொட்டு, உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

தவறு நேரும் இடங்களும் தெரிந்தவைதான். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் வெறும் வயிற்றைவிட நான்கு ஐந்து மடங்கு உறிஞ்சப்படும். அதனால் காலையில் இட்லியோடு, இரவில் வெறும் வயிற்றில் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கக் கூடாது. தினமும் ஒரே மாதிரி. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தும் எடுக்கும் குழந்தைக்குக் கல்லீரல் நொதிகள் ஏறலாம். தொடங்கும் முன், ஒரு மாதத்தில், மூன்றில், ஆறில் இரத்தப் பரிசோதனை. குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுத்தால், உடலில் அது மாறி உண்டாகும் வளர்சிதைப் பொருள் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகி, குழந்தை எந்நேரமும் தூங்கி வழியும். அப்போது முதலில் குளோபசாமைக் குறைப்பதைத்தான் மருத்துவர் யோசிப்பார். எள் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், கரைசலில் எள்ளெண்ணெய் உண்டு.

கொடுக்கும் வழிக்கு மார்பினைப் பாருங்கள். 1985 சட்டத்துக்குப் பின், ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். புற்றுநோயாளிகள் வலியில் துடித்தபடியே இறந்தார்கள். 2014 திருத்தம் அதை மாற்றியது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் வந்தன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே முறை, பயிற்சி பெற்ற மருத்துவர், இருப்புப் பதிவேடு. அதே பதிவேட்டில் ஏழாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவே.

கருவேலம்
மார்பினை ஒப்பிட்டதால் சொல்கிறேன். கஞ்சாவை அனுமதித்தால் ஓபியாய்டு (மார்பின் வகை வலிமருந்து) மரணம் குறையும் என்று 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. மருத்துவக் கஞ்சாச் சட்டம் உள்ள மாநிலங்களில் சுமார் 25 சதவீதம் குறைவு என்றது. அதே முறையில் 2017 வரை தரவை நீட்டி 2019இல் இன்னொரு குழு பார்த்தபோது திசையே மாறி, சுமார் 23 சதவீதம் கூடுதல் என்று வந்தது. மாநில அளவிலான அந்த ஒப்பீட்டை வைத்து இரண்டு பக்கமும் எதையும் நிறுவ முடியாது. ஆனால் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எத்தனை சட்டமன்றங்களில் பேசினார்கள்!

குழந்தை வலிப்புக்குத் தூய சிபிடி விஷயத்தில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அதில் போதை இல்லை, கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்ட சோதனைகள் இருக்கின்றன. தசை இறுக்கத்துக்கான வாய்ஸ்பிரே கூட, ஒரு தெளிப்பில் 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 சிபிடி, நாளுக்கு அதிகபட்சம் 12 தெளிப்பு என்று வரம்பு போட்டது; நரம்பியல் நிபுணர் எழுதினால் ஏற்பேன். பூ, சொட்டு எண்ணெய், வலிக்கு என்ற திறந்த சீட்டு, இவை மூன்றுக்கும் என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.

ஆனால் விலையை யாரும் பேசவில்லை. அந்தப் புட்டி அமெரிக்காவில் வந்தபோது அறிவித்த விலை ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர். பிரிட்டனில் 2018 நவம்பரில் சட்டம் திறந்த பிறகும் அரசு மருத்துவமனையில் கிடைத்தவர்கள் கொஞ்சம், பணம் கட்டித் தனியார் கிளினிக்கில் வாங்கியவர்கள்தான் அதிகம். இங்கேயும் அதுதான் நடக்கும். வாங்க முடியாதவர்கள் மறுபடி அந்தச் சொட்டு எண்ணெய்க்கே போவார்கள்.

தராசு
அந்த விலைக்கு ஒரு வழி உண்டு, ஆனால் விதையிலிருந்து தொடங்க வேண்டும். உத்தரகாண்டில் 0.3 சதவீத டிஎச்சி வரம்போடு ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா ரகம்) பயிரிட உரிமம் கொடுத்தார்கள். ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமே இந்தச் செடியில் வேலை செய்கிறது. சிபிடி மிகுந்த ரகத்தை அங்கே நிலைப்படுத்தி, சாற்றைத் தூய்மைப்படுத்தி, மருந்துத் தரத்தில் கரைசல் செய்வது நம் மருந்துத் தொழிலுக்குப் பெரிய காரியம் இல்லை. கவனம் வேண்டியது வயலில். அறுவடை தாமதமானால் சிபிடி ஏறும்போதே டிஎச்சியும் ஏறி 0.3ஐத் தாண்டும். முழு வயலையும் அழிக்க வேண்டி வரும். பக்கத்தில் நாருக்காக வளர்த்த ஆண் செடி இருந்தால் மகரந்தம் காற்றில் வந்து பெண் பூ விதை பிடித்துவிடும், சாறு குறையும். இரண்டு பயிரையும் ஒரே பள்ளத்தாக்கில் அனுமதிக்கவே கூடாது.

நெய்தல்
அப்படியென்றால் மனுவை இப்படித் திருத்துகிறேன். முதல் வரி தூய சிபிடி கரைசல் மட்டும், வலிப்புக்கு மட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் குழந்தை நரம்பியல் பிரிவில் மட்டும் எழுதலாம். நான்கு இரத்தப் பரிசோதனையும் இலவசம், தேதி மருந்துச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். புட்டியோடு ஒரு மில்லி வாய்ச் சிரிஞ்ச், தமிழில் அச்சிட்ட தாள். டிஎச்சி கலந்த ஸ்பிரேவை தனி மனுவாகப் பிறகு கொண்டுவரலாம். கருவேலம் சார், இந்த வடிவத்துக்கு உங்கள் கையெழுத்து கிடைக்குமா?

கருவேலம்
இரத்தப் பரிசோதனைக்கு வராத குழந்தைக்கு அடுத்த புட்டி கொடுப்பதா நிறுத்துவதா என்று ஒரு வரி சேருங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கூடிவிடும், அதனால் நிறுத்து என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையும் அதே தாளில் இருக்கட்டும். அது வந்தால் போடுகிறேன்.