கலிஃபோர்னியா: பணம் வருவதற்கு முன்பே லீன் வெய்வரில் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி:
சாக்ரமென்டோவில் ஒரு வீட்டு வேலையில் டைல்ஸ் சப்-கான்ட்ராக்டர் நான். செப்டம்பர் பில் 18,400 டாலர் இன்னும் வரவில்லை. மெயின் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ‘அன்கண்டிஷனல்’ வெய்வர் (பாக்கிப் பணத்துக்காக அந்த வீட்டின் மேல் கோரும் ‘லீன்’ உரிமையை நிபந்தனையின்றி விட்டுக்கொடுக்கும் படிவம்) அனுப்பி, கையெழுத்துப் போட்டால்தான் செக் தருவோம் என்கிறார்கள். கூடுதலாகச் செய்த பாத்ரூம் வேலைக்கும் பணம் பாக்கி. என்ன செய்வது?

பதில்:
தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள் சார். பணம் வராவிட்டாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கும். பில் பணத்துக்கு ‘கண்டிஷனல் புரோகிரஸ்’, அதாவது இடைப்பட்ட பில்லுக்கான நிபந்தனையுள்ள படிவம் கொடுங்கள் (சிவில் கோட் 8132). செக் பாங்கில் பாஸ் ஆன பிறகுதான் அது செல்லும். அன்கண்டிஷனலை (8134) அதற்கப்புறம் கொடுக்கலாம். வாசகம் பெரும்பாலும் சட்டத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும், அதிலிருந்து வெகுவாக மாறி அவர்கள் சொந்தமாக எழுதியது செல்லாது.

எந்தத் தேதி வரைக்குமான வேலை என்று ஒரு கட்டம் இருக்கும், அதை விடாமல் பாருங்கள். செப்டம்பர் பில்லுக்கு செப்டம்பர் 30 என்றே இருக்கட்டும். அக்டோபர் தேதி போட்டிருந்தால், பில் போடாத வேலைக்கும் சேர்த்து உரிமையை விட்டதாக ஆகிவிடும். பாத்ரூம் வேலை பற்றிக் கவலை வேண்டாம், பணம் வராத எக்ஸ்ட்ராவும் ரிடென்ஷனும் (வேலை முடியும்வரை பிடித்துவைக்கும் தொகை) புரோகிரஸ் படிவத்தில் விலக்கு. கடைசிப் பணத்துக்கான ஃபைனல் படிவத்தில் மட்டும் தகராறில் உள்ள எக்ஸ்ட்ரா தொகையை நீங்களே எழுதவேண்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. வேலை தொடங்கிய 20 நாளுக்குள் பிரிலிமினரி நோட்டீஸ் (லீன் உரிமையைக் காக்கும் முன்னறிவிப்பு) அனுப்பிவிட்டேன். அப்படியும் தராவிட்டால்?

இன்னொருவர்:
நோட்டீஸ் கொடுத்தது பெரிய பலம். மொத்த வேலையும் முடிந்து 90 நாளுக்குள் கவுண்டி ரெக்கார்டரிடம் (சொத்து ஆவணங்களைப் பதியும் அலுவலர்) லீன் பதியலாம். வீட்டு உரிமையாளர் ‘நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன்’ (வேலை முடிந்தது என்ற அறிவிப்பு) பதிந்துவிட்டால் சப்-கான்ட்ராக்டருக்கு அதிலிருந்து 30 நாள்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். லீன் பதிந்தபின் 90 நாளுக்குள் வழக்கும் போடவேண்டும், இல்லையென்றால் லீன் செல்லாது.

இன்னொன்று: உரிமையாளரிடம் வாங்கிய பணத்தில் உங்கள் பங்கை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மெயின் கான்ட்ராக்டர் 7 நாளுக்குள் தரவேண்டும். நியாயமான தகராறு இல்லாமல் தாமதித்தால் மாதம் 2 சதவீதம் அபராதம். உரிமையாளர் பணம் கொடுத்துவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள். லைசென்ஸ் காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைக்குக் கோர்ட்டில் பணம் கேட்கவே முடியாது.